குப்பைக்கு முதலாளி யார்?

‘குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மாறாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. அழகான வாக்குத்தான். ஆனால் குப்பையைக் கிளறி அக்குன்றிமணியைத் தேடி எடுக்க ஒருவர் வேண்டுமே! அவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காந்திபுரம் பேருந்து நிலையத்தருகே விடியற்காலையில் நின்று பார்த்தவர்கள் அறிவர். கிராஸ்கட் ரோட்டுத் துணிக்கடைகளும் ஓட்டல்களும் பூக்கடைகளும் முதல் நாள் இரவு கழித்துப் போட்ட அட்டை, வாழையிலை, நெகிழிப்பை, வாடிய பூ எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். தூய்மைப் பணியாளர்கள் அவற்றை வாரி வண்டியில் ஏற்றுவர். கடைக்குள் இருந்தவரை ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார். வாசற்படியைத் தாண்டியதும் அது யாருடையதும் அன்று. கோவை மாநகரில் இப்படிச் சேரும் குப்பை நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன். இதில் பெரும்பகுதியை ஆண்டாண்டாகச் சுமந்து வருவது வெள்ளலூர்க் கிடங்கு. 2024 ஏப்ரலில் அக்கிடங்கு தீப்பற்றிப் பல நாள்கள் எரிந்தபோது, புகையைச் சுவாசித்தவர்கள் அக்கம்பக்கத்து மக்களே. குப்பைக்கு உரிமையாளர் இல்லை. அதன் தீமைக்கு மட்டும் உரிமையாளர்கள் பலர்!

பொருளியல் கூறுவது

ஒரு நிறுவனம் ஆராய்ச்சியில் பணம் போடுவது, அதன் பயன் தன் கைக்கே திரும்பும் என்ற நம்பிக்கையால்தான். கழிவைப் பயன்பொருளாக்கும் ஆராய்ச்சியில் கிடைக்கும் பெரும்பயனோ தூய காற்று, கெடாத கிணற்று நீர், நோயற்ற தெரு ஆகியவை. இவற்றுக்குப் பில் போட்டு வசூலிக்க எவராலும் இயலாது. ஆகவே இத்துறைக்குத் தனியார் முதல் தானாக வந்து சேராது. பொதுமக்கள் பணமே முதலில் இறங்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்குக் கொங்கு நாட்டிலேயே மூன்று சான்றுகள் உள்ளன.

உரிமையாளர் உள்ள கழிவு

முதற்சான்று பஞ்சாலை. புளோரூமிலும் கார்டிங்கிலும் உதிரும் பஞ்சு, ஆலை முதலாளி காசு கொடுத்து வாங்கிய பஞ்சு. நூறு கிலோ பஞ்சில் எத்தனை கிலோ நூலாகிறது என்பதில்தான் அவருடைய லாபமே இருக்கிறது. ஆகவே 1956ஆம் ஆண்டில் கோவையில் சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் தோன்றியபோது, அரசின் ஆதரவுடன் ஆலைகளும் சேர்ந்து அதனைத் தாங்கின. எந்த எந்திரத்தில் எவ்வளவு கழிவு இருக்கலாம் என்று அது அளவு வகுத்துத் தந்தது. உதிர்ந்த பஞ்சும் இன்று ஓ.இ. மில்களில் நூலாகிறது. கழிவுக்கு உரிமையாளர் இருந்தால் ஆராய்ச்சிக்கும் ஆதரவாளர் கிடைப்பார் என்பதை இது காட்டுகிறது.

உரிமையாளர் இல்லாத கழிவு

இரண்டாவது சான்று தென்னை நார்க்கழிவு. தேங்காய் மட்டையிலிருந்து ஒரு டன் மஞ்சி எடுத்தால் ஏறத்தாழ இரண்டு டன் பித் மிஞ்சும். அதில் லிக்னின் என்னும் கடினப் பொருள் சுமார் 30 சதவீதம் இருப்பதால் எளிதில் மட்காது. பொள்ளாச்சி வட்டாரத்தில் ஒரு காலத்தில் அது சாலையோரம் குன்று குன்றாய்க் குவிந்து கிடந்தது. மழையில் அதன் செந்நிறச் சாறு நிலத்தில் இறங்கும். வெயிலில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும்.

இதனை ஆராய எந்த மஞ்சி மில்லும் பணம் ஒதுக்கவில்லை. எடுத்துக்கொண்டது 1971இல் உருவான, அரசுப் பணத்தில் நடக்கும் நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1980களில் அங்குள்ள அறிஞர்கள் சிப்பிக் காளானை இதற்கு ஏவினர். முறை மிக எளிது. நிழலில் 100 கிலோ கழிவைப் பரப்பிக் காளான் வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் இன்னொரு 100 கிலோவைப் பரப்பி ஒரு கிலோ யூரியாவைத் தூவ வேண்டும். இவ்வாறு மாற்றி மாற்றி ஒரு டன் வரை அடுக்கி ஈரம் காயாமல் காக்க வேண்டும். ஒரு டன்னுக்கு யூரியா 5 கிலோ. வித்துப் புட்டி 5. இரண்டு மாதத்தில் லிக்னின் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 என்பதிலிருந்து 24:1 ஆகக் குறையும். மலை போல் நின்ற கழிவு எருவாகிவிடும்.

இன்று அதே பித் கழுவப்பட்டு, உலர்த்தப்பட்டு, கட்டிகளாக அழுத்தப்பட்டு, மண்ணில்லா வேளாண்மைக்காக நெதர்லாந்து முதலிய நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. இந்தியாவின் தென்னை நார்ப் பொருள் ஏற்றுமதியில் அளவால் முதலிடம் அதற்கே. கயிறு வாரியத்தின் ஆய்வும் வெளிநாட்டுத் தோட்டக்காரர்களின் தேவையும் இதில் சேர்ந்தவையே. எனினும் கழிவாகத் தோன்றியதை முதலில் பொருளாகப் பார்த்தது பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுதான். கிணத்துக்கடவுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “முன்னெல்லாம் இதை அள்ளிட்டுப் போறதுக்கு நாங்க கூலி குடுத்தோமுங்க தம்பி. இப்ப அவிங்க காசு குடுத்து அள்ளிட்டுப் போறாங்க.” ஒரு பாடநூல் அதிகாரத்தை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

காலம் கடந்த செலவு

மூன்றாவது சான்று திருப்பூர். சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். அவ்வுப்பு நீர் ஆண்டுக்கணக்கில் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. உழவர்கள் நீதிமன்றம் ஏறினர். 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. வேலையிழந்த தொழிலாளர் பல்லாயிரவர். அதன் பின்னரே மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறையும் நிலைபெற்றது. இன்றும் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்புக்கு வழி தெரியாமல் கொட்டகைகளில் மூட்டையாய் அடுக்குகின்றனர்.

இந்த ஆராய்ச்சி இருபதாண்டு முன்னரே நடந்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், தொழிலாளியும் பிழைத்திருப்பான். ஆராய்ச்சிக்குச் செலவிடாத பணம் மிச்சமாவதில்லை. அது பின்னர் கடனாகவும் நட்டஈடாகவும் பன்மடங்காய்த் திரும்பி வருகிறது.

இன்றைய நிலை

ஆராய்ச்சிக்கென இந்தியா 2020-21இல் செலவிட்டது நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதமே. 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனச் சட்டம் நிறைவேறியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது அதன் திட்டம். இதில் சுமார் 36,000 கோடி ரூபாய் தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர் போன்ற பிற வழிகளில் வரும் என எதிர்பார்க்கப்படுகிறது. மருந்துக்கும் மின்னணுவியலுக்கும் அப்படி வரலாம். வெள்ளலூர்க் குப்பைக்கு வருமா? இதுவே என் அச்சம்.

‘அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் நூலகத்தில் தூசி படிந்து கிடக்கின்றன’ என்பார் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் காளான் வித்துப் புட்டி தோட்டத்துக்குச் சென்ற கதையும் உண்மைதானே? குறை ஆய்வில் இல்லை. அதை வயலுக்கும் பட்டறைக்கும் கொண்டு செல்லாததில்தான் இருக்கிறது.

எனவே நான் வேண்டுவன மூன்று. ஒன்று: கழிவை உண்டாக்கும் ஒவ்வொரு தொழிலும், சிட்ராவுக்கு ஆலைகள் தருவதுபோல் ஆய்வுக்குப் பங்கு தரவேண்டும், அரசும் தன் பங்கைச் சேர்க்கவேண்டும். இரண்டு: உரிமையாளர் இல்லாத ஊர்க்குப்பைக்கான ஆய்வை அரசே முழுமையாக ஏற்கவேண்டும். மூன்று: சிறு தொகையேனும் கல்லூரிகளுக்கு வரவேண்டும். நெகிழிக் கழிவைத் தாருடன் சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டு, 2018இல் பத்மஸ்ரீ பெற்ற இராஜகோபாலன் வாசுதேவன், மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியரே அல்லவா?

குப்பைக்கு முதலாளி யார் என்று கேட்டோம். நாம் அனைவருமே. அதன் புகையையும் சாயநீரையும் ஏற்கெனவே பங்கிட்டுக்கொண்டோம். அதை ஆராயும் செலவையும் பங்கிட்டுக்கொண்டால், அதிலிருந்து எடுக்கும் குன்றிமணியிலும் நமக்குப் பங்கு உண்டு.