செக்‌ஷனில் கோடு போடக் கூடாத இடம்

மெஷின் டிராயிங்கில் ஒரு பேரிங் பிராக்கெட்டுக்கு முழு செக்‌ஷன் வரைந்தேன். வெட்டும் தளம் இரும்பைத் தொட்ட இடமெல்லாம் 45 டிகிரியில் ஹேட்சிங். மினி டிராஃப்டரோடு ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்தேன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனால் சப்மிட் பண்ணுமுன் என் ஷீட்டை அப்பா ஒருமுறை பார்த்துவிடுவார்.

அப்பா கோயமுத்தூரில் ஒரு பவுண்டரியில் மோல்டர். டிராயிங் படிக்கத் தெரியாது. "கோடு போட்ட இடமெல்லாம் வெட்டுப்பட்ட இரும்புப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அடியில இத்தனை கனமாவா வரும்? எத்தனை கிலோ இரும்பு ஊத்தறது?" என்றார்.

திக்கென்றது. அது 10 மி.மீ. ரிப். தளம் அதன் நீளவாக்கில் போனதால் முழுக்கக் கோடு போட்டுவிட்டேன். பார்ப்பவருக்கு முன்னிருந்து பின்வரை ஒரே கட்டி இரும்பு! நீளவாக்கில் வெட்டுப்படும் ரிப்புக்கு ஹேட்சிங் இல்லை என்ற விதி இதற்குத்தான். குறுக்கே வெட்டினால் கட்டாயம் போட வேண்டும். ஷாஃப்ட், போல்ட், நட், ரிவெட், கீ, காட்டர் இவற்றையும் நீளவாக்கில் வெட்டாமலே காட்டுகிறோம். உள்ளே காட்ட அங்கே ஒன்றும் இல்லை. இதெல்லாம் பரீட்சையில் ஒப்பித்து எழுதியவன்தான் நான்! அடுத்தடுத்த பாகங்களுக்குச் சாய்வை மாற்றுவதுகூடத் தப்பாது, இது மட்டும் கைக்கு வரவில்லை.

ரப்பரை எடுத்து அழித்தேன். 2எச் பென்சில், தடம் முழுசாகப் போகவில்லை. அப்படியே சப்மிட் பண்ணினேன்.