பிறந்த நேரமும் ஊரின் நேரமும்

திருக்கோயிலில் அர்ச்சனைத் தட்டினை அளிக்கும்பொழுது பெயரையும் நட்சத்திரத்தையும் கூறுகின்றோம். மணமக்களுக்குப் பொருத்தம் பார்க்கையில் இராசியையும் இலக்கினத்தையும் நோக்குகின்றோம். இவை அனைத்தும் குழந்தை பிறந்த அன்று எவரோ ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த நேரத்திலிருந்தே கணிக்கப்பெறுவன. அந்நேரம் பிழைபடுமாயின், கணிதம் எத்துணைச் செம்மையாக இருப்பினும், கிடைப்பது வேறொருவரின் சாதகமே ஆகும். இல்லாத தோஷத்திற்கு அஞ்சி நல்ல வரனைத் தள்ளிவிடுதலும் இதனால் நேரக்கூடும். ஆதலின் நேரக்கணக்கின் அடிப்படையை அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று.

நாழிகைக் கணக்கு

ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம்; இரண்டரை நாழிகை ஒரு மணி. ஒரு நாழிகைக்கு 60 விநாடி. இவ்விநாடி 24 நொடிகள் கொண்டது, கடிகாரத்தின் நொடியன்று. சூரிய உதயத்திலிருந்து பிறந்த நேரம் வரை சென்ற நாழிகையே உதயாதி நாழிகை எனப்படும்.

உதயத்தை எந்நாளும் காலை 6 மணி எனக் கொள்ளுதல் பெரும்பிழை. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலை எடுத்துக்கொள்வோம். அங்கு மே மாத இறுதியில் ஏறத்தாழ 5.50 மணிக்கு உதிக்கும் கதிரவன், சனவரி இறுதியில் ஏறத்தாழ 6.40 மணிக்கே உதிக்கின்றான். சனவரி இறுதியில் 10.40 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு உதயாதி நாழிகை 10. உதயத்தை 6 மணி எனக் கொண்டாலோ, 11 நாழிகை 40 விநாடி என வரும். இலக்கினம் சராசரியாக 4 நிமிடத்திற்கு ஒரு பாகை நகர்வதால், இந்த 40 நிமிடத்தில் 10 பாகை மாறிவிடும்.

ஊரின் நேரம்

நம் கடிகாரங்கள் காட்டுவது இந்தியப் பொதுநேரம். அது உத்தரப்பிரதேசத்து மிர்சாப்பூருக்கு அருகில் செல்லும் 82 பாகை 30 கலை தீர்க்கரேகைக்கு உரியது. சித்தன்னவாசலோ ஏறத்தாழ 78 பாகை 44 கலையில் உள்ளது. பாகைக்கு 4 நிமிடமாக, அவ்வூரின் சுதேச நேரம் கடிகாரத்திற்கு ஏறத்தாழ 15 நிமிடம் பிந்தியதாகும். இது சிறிதெனத் தோன்றலாம். ஆயின் ஒரு நவாம்சம் 3 பாகை 20 கலை. அது உதிக்கும் சராசரி நேரம் 13 நிமிடம் 20 நொடி. ஆகவே இத்திருத்தத்தை விட்டுவிட்டால் நவாம்ச இலக்கினம் மாறிவிடக்கூடும்.

எனினும் ஒன்றை நினைவிற்கொள்க. பிறந்த நேரம், அவ்வூரின் உதய நேரம் ஆகிய இரண்டையும் கடிகாரப்படியே எடுத்துக் கழித்தால், இத்திருத்தம் மீண்டும் தேவையில்லை. நட்சத்திர ஓரை கொண்டு இலக்கினம் காண்போர்க்கே அது வேண்டும். இரு முறைகளையும் கலத்தல் கூடாது. மேலும், பஞ்சாங்கத்தில் அச்சிட்டுள்ள உதயம் எவ்வூருக்கு உரியது எனவும் நோக்குக. சென்னைக்கும் சித்தன்னவாசலுக்கும் தீர்க்கரேகையால் மட்டும் ஏறத்தாழ 6 நிமிட வேறுபாடு உண்டு.

மாறிய கடிகாரங்கள்

பழைய சாதகங்களைத் திரும்பக் கணிப்போர் கருத வேண்டுவன சில உள. இந்தியப் பொதுநேரம் 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் சென்னை வான் ஆய்வகத்தின் நேரம் புகைவண்டிகளுக்குப் பயன்பட்டது. அஃது இன்றைய நேரத்திற்கு 9 நிமிடம் பிந்தியது.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, இந்தியாவில் கடிகாரங்கள் ஒரு மணி முன்னதாக வைக்கப்பெற்றன. அக்காலத்துக் கடிகாரப்படி குறித்த நேரத்தில் ஒரு மணியைக் கழித்தல் வேண்டும். கழிக்காவிடின் இலக்கினம் ஏறத்தாழ அரை இராசி நகரும். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆவதால், 20 ஆண்டு கொண்ட சுக்கிர தசையின் இருப்பில் ஏறத்தாழ 10 மாதம் பிழைபடும். நட்சத்திரம் மாறும் வேளையாயின், நட்சத்திரமே வேறாகிவிடும்.

கடல் கடந்து வாழும் உறவினர் இன்னும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். சிங்கப்பூர்க் கடிகாரம் இன்று இந்தியப் பொதுநேரத்திற்கு இரண்டரை மணி முந்தியது. 1982 சனவரி முதல் நாள் அங்குக் கடிகாரம் அரைமணி முன்னதாக மாற்றப்பெற்றது. அதற்கு முந்தைய 1970களில் வேறுபாடு இரண்டு மணியே. ஆதலின் பிறந்த ஆண்டினைக் காணாது இன்றைய வேறுபாட்டினைக் கழித்தல் தவறாகும்.

குறித்து வைக்க வேண்டியவை

பிறந்த ஊரைக் குறிக்குமிடத்தில் பூர்வீக ஊரை எழுதற்க. மருத்துவமனை அமைந்த ஊரையே எழுதுக. நள்ளிரவுக்குப் பின் உதயத்திற்கு முன் பிறந்திருப்பின், ‘வெள்ளி இரவு, விடிந்தால் சனி’ என ஆங்கிலத் தேதியுடன் தெளிவாகக் குறிக்கவும். முற்பகல், பிற்பகல் என்பதையும் விடாது எழுதவும். குழந்தை வெளிப்பட்ட கணமா, முதல் அழுகையா, தொப்புள்கொடி அறுத்த கணமா எனக் கொள்வதில் கருத்து வேறுபாடு உண்டு. எதனைக் குறித்தீர் என்பதையும் உடன் எழுதவும். நேரம் உறுதியாகத் தெரியாதபோது ‘சுமார்’ என நேர்மையாக எழுதுதலே முறை. ஊகித்த நேரத்தைத் திட்டமான நிமிடமாக எழுதிவிட்டால், பின்னர் அதனை ஐயுறுவார் எவரும் இரார். அந்த ஒரு குறிப்பினைக் கொண்டே ஒரு பிள்ளையின் திருமணம் கூடுதலும் தள்ளிப்போதலும் ஆகலாம்.