குடவோலை முதல் கிராம சபை வரை

திருப்பெரும்புதூர், ஒரகடம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கார்த் தொழிற்சாலைகளே. ஆனால், அவை அமைந்துள்ள காஞ்சிபுரம் மாவட்டம் ஊராட்சித் தேர்தலுக்கும் புகழ்பெற்றது.

உத்திரமேரூர்க் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. அவ்வூரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்தனர். இவ்வாறு ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர்கள் அமைந்தனர். பதவிக்காலம் 360 நாட்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வர இயலாது. எத்துணைக் கண்டிப்பு!

எனினும், நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதோருக்கு அக்குடத்தில் இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை.

இன்று 18 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை உண்டு. 21 வயது நிரம்பினால் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடலாம். தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்குரியது. 2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலும் அவ்வாறே நடைபெற்றது.

ஆனால், வென்றவர் தாயாக இருக்க, அவருக்குப் பதிலாகத் தந்தையே கூட்டத்தில் பேசினால் அவ்வுரிமையால் பயன் என்ன?

சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்களே. அங்கு ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். நமக்கு இன்னும் வாக்குரிமை வரவில்லை. ஆயினும், நம் அன்னையரை அங்கு அழைத்துச் செல்லலாம் அன்றோ? தொழிற்சாலைகள் சூழ்ந்துள்ள நம் ஊர்களில் ஏரியின் நிலை என்ன, குடிநீருக்குச் செலவான தொகை எவ்வளவு என்று கேட்க அவர்களுக்குத் துணைநிற்போம். நாளை நாமே கேட்போம்.