கிராஃபிக் டிசைன்: எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

பிளஸ் டூ முடித்த பிள்ளை கிராஃபிக் டிசைன் படிக்க விரும்பினால், பெற்றோர் முதலில் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மூன்றாண்டு பி.எஸ்சி. விஸ்காமில் பெரும்பாலும் திரைப்படம், தொலைக்காட்சி, விளம்பரம் எல்லாம் கலந்திருக்கும். வடிவமைப்பே முதன்மைப் பாடமாக வேண்டுமென்றால் நான்காண்டு பி.எஃப்.ஏ. அல்லது பி.டெஸ். படிப்பைப் பாருங்கள்.

1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு; கட்டணமும் குறைவு. அகமதாபாத் என்.ஐ.டி.க்கும் ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். படிப்புக்கும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் வரையும் திறனும் சோதிக்கப்படும். எனவே பதினோராம் வகுப்பிலேயே வரைந்து பழகுவது நல்லது.

தனியார் கல்லூரிக்குச் சென்றால் கட்டடத்தையும் கணினி அறையையும் பார்த்து மயங்காதீர்கள். இறுதியாண்டு மாணவர்களின் வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் யோசியுங்கள். வரைதல், எழுத்துரு, நிறம், அச்சு முறை ஆகியவற்றை யார் நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். மென்பொருளை மட்டும் கற்க சில மாதப் பயிற்சியே போதும். அதற்காக லட்சக்கணக்கில் கடன்பட வேண்டாம். வேலை தருபவர் பட்டத்தோடு, பிள்ளை செய்து சேர்த்த போர்ட்ஃபோலியோவையும் கட்டாயம் கேட்பார்.