கடைசி வரிசையும் காணட்டும்: படவீழ்த்தியை அமைக்கும் முறை



கரும்பலகையும் வெண்கட்டியும் மட்டுமே இருந்த வகுப்பறைகளில் இன்று படவீழ்த்தியும் இடம்பெற்றுள்ளது. பேச்சு வழக்கில் நாம் ‘புரொஜெக்டர்’ என்று அழைப்பது இதனையே. பெற்றோர் தம் உழைப்பின் ஊதியத்திலிருந்து தந்த நன்கொடையால் வாங்கப்படும் கருவி இது. இதனை எங்கே, எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதை அறிந்தாலன்றி இதன் முழுப் பயனையும் அடைதல் இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பள்ளி மண்டபத்தில் நாம் படம் காட்டிப் பாடம் நடத்தினோம். மின்செருகி அருகில் இருந்த காரணத்தால் கருவியை ஓரத்து மேசையொன்றில் வைத்தோம். படம் ஒரு பக்கம் பெருத்தும் மறுபக்கம் சிறுத்தும் தெரிந்தது. ‘போதும்’ என்று எண்ணிப் பாடத்தைத் தொடங்கிவிட்டோம். பாடம் முடிந்தபின் கடைசி வரிசையில் இருந்த சிறுவனின் ஏட்டைப் பார்த்தோம். ஓர் எழுத்தும் இல்லை. “எழுத்துத் தெரியவில்லை, ஐயா” என்றான். “முன்னரே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டோம். அவன் தலைகுனிந்து நின்றான். பிழை அவனுடையதன்று, நம்முடையது. திரையைக் காண இயலாத பிள்ளை பெரும்பாலும் வாய்திறப்பதில்லை. நாமோ அவனைப் படிப்பில் ஆர்வமில்லாதவன் என்று கருதிவிடுகிறோம். ஆகவே, இக்கருவி கடைசி வரிசைப் பிள்ளையை மனத்திற்கொண்டே அமைக்கப்பட வேண்டும்.

திடலில் எழுந்த திரை

வெண்திரையில் படம் காட்டும் கலை நம் மக்களுக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் தமிழர், 1905ஆம் ஆண்டில் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரம் அமைத்துப் படம் காட்டினார். நம் நாட்டில் 1946ஆம் ஆண்டு மலாயாத் திரைப்படப் பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. அது தயாரித்த படங்கள் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளிவந்தன. தகவல் இலாகாவின் வண்டிகள் அவற்றைக் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுசென்றன.

நம் தாசேக் கெலுகோர் வட்டாரத்திலும், பிற தோட்டப்புறங்களிலும் வாழும் மூத்தோரைக் கேட்டுப் பாருங்கள். மாலையில் திடலில் இரு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டிய காட்சியை அவர்கள் கூறக்கூடும். திடலில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. ஒவ்வொரு முறையும் திரைக்கும் கருவிக்கும் மக்களுக்கும் உரிய இடத்தைப் புதிதாகவே தீர்மானிக்க வேண்டும். வசதிகள் நிறைந்த மண்டபத்திலும் நாம் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு அதுவே: முதலில் மக்கள், அடுத்துத் திரை, இறுதியில் கருவி.

திரையின் அளவும் உயரமும்

திரையின் கீழ்விளிம்பு, முன்னால் அமர்ந்திருப்போரின் தலைக்கு மேல் இருத்தல் வேண்டும். பாயில் அமரும் பிள்ளைகளுக்குத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் போதும். நாற்காலியில் அமர்வோருக்கு இன்னும் சற்று உயர்த்த வேண்டும்.

படத்தின் அளவைக் கடைசி வரிசையே முடிவு செய்கிறது. எழுத்தைப் படிக்க வேண்டிய பாடங்களில், கடைசி வரிசையின் தொலைவு படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்குக்கு மிகாதிருத்தல் நன்று. இக்காலக் கருவிகள் பலவற்றில் படத்தின் அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற விகிதத்தில் உள்ளன. அகலம் 2 மீட்டர் என்றால் உயரம் ஏறத்தாழ 112 சென்டிமீட்டர். அதன் ஆறு மடங்கு 6 மீட்டர் 72 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பெரிய படம் வேண்டும். அல்லது எழுத்தையேனும் பெரிதாக்க வேண்டும்.

தொலைவுக் கணக்கு

கருவியிலிருந்து புறப்படும் ஒளி, போகப் போக விரிந்துகொண்டே செல்கிறது. ஆதலால் தொலைவு இரு மடங்கானால் படத்தின் அகலமும் இரு மடங்காகும். தொலைவை அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அக்கருவியின் வீச்சு விகிதம். இதனைக் கருவியுடன் வரும் கையேட்டில் காணலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வீச்சு விகிதம் 1.5 உடைய கருவியால் 2 மீட்டர் அகலமுள்ள படம் வேண்டும். 2 × 1.5 = 3. ஆகவே, திரைக்கும் கருவியின் வில்லைக்கும் இடையே 3 மீட்டர் தொலைவு இருத்தல் வேண்டும். விகிதம் 0.5 உடைய குறுவீச்சுக் கருவிக்கு 1 மீட்டரே போதும். அத்தகைய கருவி திரைக்கு அருகில் இருப்பதால் ஆசிரியரின் நிழல் படத்தில் விழுவது குறையும். கருவியை வாங்கச் செல்வதற்கு முன்னரே அறையை அளந்து, இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் பணம் வீணாகாது.

படம் பெரிதாகப் பெரிதாக அது மங்கும் என்பதையும் மறத்தல் கூடாது. அகலமும் உயரமும் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். அதே ஒளி நான்கு மடங்கு இடத்தில் பரவ வேண்டியிருப்பதால், வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

நடுவும் நேரும்

கருவியின் வில்லை திரையின் நடுக்கோட்டிற்கு நேராக இருத்தல் வேண்டும். கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால், திரையின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிடத் தொலைவாகிறது. தொலைவு மிகுந்த பகுதியில் ஒளி அதிகம் விரிவதால் படத்தின் மேற்பக்கம் அகன்றுவிடும். செவ்வகம் சரிவகமாகிவிடும். ஓரத்தில் வைத்தாலும் இதே குறைதான். அன்று நமக்கு நேர்ந்ததும் இதுவே.

இக்குறையைத் திருத்தும் பொத்தான் பல கருவிகளில் உண்டு. ஆயினும், அது படத்தின் அகன்ற பகுதியைச் சுருக்கியே காட்டுகிறது. படம் நேராகும், ஆனால் எழுத்தின் கூர்மை சற்றுக் குறையும். எனவே, முதலில் கருவியை நேராக வைத்து, எஞ்சிய சிறு குறைக்கு மட்டுமே பொத்தானை நாடுதல் சிறப்பு.

மேசைமீது வைக்கும் கருவிகளுள் பெரும்பாலானவை ஒளியைச் சற்று மேல்நோக்கியே செலுத்துமாறு செய்யப்பட்டுள்ளன. ஆதலால் வில்லை, படத்தின் கீழ்விளிம்பின் மட்டத்திற்கு அருகில் இருந்தால் போதுமானது. அதே கருவியைக் கூரையில் மாட்டும்போது தலைகீழாகப் பொருத்துவர். படம் தலைகீழாகாதிருக்கக் கருவியிலேயே அதற்கான மாற்றத்தைச் செய்துகொள்வர்.

வெளிச்சமும் பாதுகாப்பும்

எந்தப் படவீழ்த்தியாலும் கருமையை வீழ்த்த முடியாது. படத்தில் கறுப்பாகத் தோன்றும் இடம், கருவியின் ஒளி விழாத திரைப்பகுதியே ஆகும். அங்கே சன்னல் வெளிச்சம் விழுந்தால் கறுப்பு சாம்பலாகி, எழுத்து மறையும். ஆகவே, சன்னலின் ஒளி திரைமீது விழாதவாறு இடம் தேர்தலும் திரைச்சீலை இடுதலும் அவசியம்.

கருவியின் காற்றுத் துளைகளை அடைத்தல் கூடாது. விளக்குள்ள கருவியை நிறுத்தியபின், அதன் விசிறி ஓய்ந்த பிறகே மின்செருகியை எடுக்க வேண்டும். பிள்ளைகள் நடக்கும் வழியில் மின்கம்பி குறுக்கே கிடத்தல் ஆகாது. ஒளி வரும் வில்லையை எவரும் உற்று நோக்குதல் கூடாது.

செய்து பாருங்கள்

மாணவர்களே! அட்டையொன்றில் சிறு சதுரத் துளையிட்டுக் கைவிளக்கின் முன் பிடியுங்கள். இருட்டறையில் சுவருக்கு நேராக ஒளியைப் பாய்ச்சுங்கள். பின்னர் விளக்கை மேல்நோக்கிச் சாய்த்து, ஒளி வடிவம் எவ்வாறு மாறுகிறது என்று நோக்குங்கள். பின்வாங்கி நின்று, வெளிச்சம் எவ்வாறு மங்குகிறது என்பதையும் காணுங்கள். மேலே நாம் கூறியவை யாவும் உங்களுக்குத் தெளிவாகும்.

நிறைவாக ஒன்று. கருவியை அமைத்து முடித்ததும் அதன் அருகிலேயே நின்று திருப்தியடைதல் கூடாது. கடைசி வரிசையின் மூலைக்குச் சென்று, பாயில் அமர்ந்து, திரையைப் பாருங்கள். அங்கிருந்து மிகச் சிறிய எழுத்தையும் படிக்க முடிந்தால் கருவி சரியான இடத்தில் உள்ளது என்று பொருள். முடியாவிட்டால் எழுந்து சென்று மீண்டும் அமையுங்கள். கேட்கத் தயங்கும் பிள்ளைக்காக நாம் செய்யும் அச்சிறு முயற்சியே, பெற்றோரின் நன்கொடைக்கு நாம் காட்டும் நன்றியாகும்.