கண்ணோர வீக்கமும் கண்ணீர்ச் சுரப்பியும்

மேலிமையின் வெளிப்பக்கம், புருவ எலும்பின் அடியில், பாதாம் பருப்பு அளவில் இருப்பது கண்ணீர்ச் சுரப்பி. கண்ணை நனைப்பதோடு, கிருமிகளைக் கொல்லும் பொருட்களையும் அது சுரக்கிறது.

கிருமி தொற்றினாலோ காயம் பட்டாலோ, அங்குள்ள செல்கள் சைட்டோகைன் என்ற புரதங்களை வெளியிடும். ஒரு செல்லின் செய்தியை மற்றொன்றுக்குக் கொண்டுபோவது இவற்றின் வேலை. இவற்றில் கீமோகைன் என்ற வகை, இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களை அவ்விடத்துக்கு வரவழைக்கும். வேலை முடிந்ததும் அந்த அழைப்பு நின்றுவிட வேண்டும்.

நிற்காவிட்டால்தான் தொல்லை. ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் விவரித்த நோயில், வந்த அணுக்கள் சுரப்பியையே தாக்குகின்றன. கண்ணும் வாயும் வறண்டுபோகும். நடுவயதுப் பெண்களிடமே இது அதிகம். அந்த அணுக்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பெருகினால், சிலருக்கு லிம்போமா என்னும் புற்றுநோயாகவும் மாறலாம்.

கண்கட்டி பெரும்பாலும் இமை விளிம்பில் வலியோடு வந்து, சில நாட்களில் ஆறிவிடும். மேலிமையின் வெளிமூலையில் வாரக்கணக்கில் வற்றாத வீக்கம் இருந்தால், வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும், கண் கீழே தள்ளப்பட்டாலும் தாமதிக்கக் கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் காட்டுங்கள்.

முதலில் ஸ்கேன், சதைத்துண்டு எடுப்பதா என்பது அதன் பிறகே. ஏனெனில், புற்றுநோயல்லாத ஒருவகைக் கட்டியை உறையோடு முழுதாக எடுக்க வேண்டும். கீறிவிட்டால் மீண்டும் வளரக்கூடும். ஆகவே வீட்டில் கீறவோ பிதுக்கவோ வேண்டாம்.