குளுவாங் அடுப்பில் பிர்ரியா

கேள்வி: மெக்சிகோவின் பிர்ரியா குழம்பை வீட்டில் வைக்க ஆசை. ஆனால் எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை. அந்த ஊர் மிளகாயும் இங்கே கிடைப்பதில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, குளுவாங், ஜொகூர்

பதில்: கவலையே வேண்டாம், சகோதரி. பிர்ரியா பிறந்த ஹலிஸ்கோ மாநிலத்தில் அது ஆட்டுக்கறிக் குழம்புதான். மாட்டிறைச்சி பிற்பாடு வந்து சேர்ந்தது. பாசாரில் எலும்போடு 1 கிலோ வெள்ளாட்டுத் தொடைக்கறி வாங்குங்கள்.

மிளகாயில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே போடும் குவாஹியோ, ஆஞ்சோ வகைகளில் நிறம் அதிகம், காரம் குறைவு. நம் காய்ந்த மிளகாயை அதே அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது. காஷ்மீரி மிளகாய் 10, உள்ளூர் மிளகாய் 3 போதும். விதையை உதறி, வெறும் வாணலியில் வறுத்து, வாசம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, சுட்ட தக்காளி, வெங்காயம், பூண்டு, சீரகம், பட்டை, கிராம்பு, கொஞ்சம் வினிகர் சேர்த்து மைபோல் அரைத்து வடிகட்டுங்கள். ஓரிகானோ கிடைத்தால் நல்லது. அதற்குப் பதிலாகக் கறிவேப்பிலை மட்டும் போட்டுவிடாதீர்கள். ருசி நம் பிரட்டலுக்கே திரும்பிவிடும்.

விழுதையும் உப்பையும் கறியில் பிசறி, ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் தண்ணீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் சுமார் 3 மணி நேரம். கரண்டி பட்டதும் கறி நார்நாராகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இன்னும் வேகட்டும். மேலே மிதக்கும் சிவப்புக் கொழுப்பை வழித்து எறிந்துவிடாதீர்கள். மக்காச்சோள ரொட்டியை அதில் தோய்த்து, தோசைக்கல்லில் ஓரம் மொறுமொறுக்க வாட்டி, உள்ளே கறி வைத்து மடியுங்கள். தொட்டுக்கொள்ள அதே குழம்பு. மேலே பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை.